கருங்கல்லில் நான்கு பெயர்கள்

கிரிம்ஷா நகரத்து உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, பெருமை பேச அந்த ஊரிடம் மிஞ்சியது ஒரு இசைத்தட்டு. 'அயர்ன் சண்டே' என்ற ராக் குழு 1973இல் போட்ட 'ஏழாம் உலை'. உலகம் முழுக்க விற்ற தட்டு. ஐம்பதாம் ஆண்டு நெருங்கியதும் அதைக் காப்பாற்ற ஒரு அறக்கட்டளை அமைத்து, பழைய ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தை அருங்காட்சியகமாக்கினார்கள். அறக்கட்டளைக்கு ஒரு தலைவர், மூன்று குழுக்கள், அந்த மூன்றையும் கண்காணிக்க ஒரு குழு. வாத்தியம் வாசிக்கத் தெரிந்த யாரையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விதிகளில் எழுதியிருந்தது.

கிளெம் ஆட்டர்ஷா அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசித்தவர். குழு கலைந்த பிறகு முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினார். இப்போது எழுபத்தைந்து வயது. 'வாழும் பாரம்பரியம்' என்று அச்சடித்த அட்டை ஒன்றை அறக்கட்டளை அவருக்குக் கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் திங்கட்கிழமைகளில் இலவசமாக உள்ளே போகலாம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். பெரில் போய் வந்ததுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

பெரில் ஹாதர்ஸேஜ் அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்தவர். 'ஏழாம் உலை' என்ற பதினொரு நிமிடப் பாட்டு ஆர்கனில்தான் தொடங்கும். முதல் நாற்பது விநாடி, அடுப்பில் காற்று ஏறுவது போல, தரைக்குக் கீழிருந்து எழுந்து வரும் சத்தம். உலகத்தில் பாதிப் பேர் அந்த நாற்பது விநாடிக்காகவே தட்டை வாங்கினார்கள். ஆனால் தட்டின் உறையில் நான்கு ஆண்கள் ஆலை வாசலில் நிற்கும் படம் மட்டுமே உண்டு. பின்பக்கத்தில் நான்கு பெயர்கள். பெரிலின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. அடுத்த வருஷமே அவர் குழுவை விட்டு விலகி, பகலில் ரொட்டிக் கடையிலும் ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் சபை ஆர்கனிலுமாக நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

ஒரு நாள் மதியம் மனசு கேட்காமல், மற்றவர்களைப் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு பெரில் அருங்காட்சியகத்துக்குள் போனார். அங்கே அவருடைய ஆர்கன் கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'பதிவின்போது இந்த ஆர்கன் அறையில் இருந்தது. வாசிக்கப்படவில்லை.' வழிகாட்டிப் பெண்ணிடம், இதை வாசித்தது நான்தானம்மா என்று சொன்னார். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள். தலைப்பு: 'குழுவில் தாங்களும் இருந்ததாக நம்பும் பார்வையாளர்களுக்கு.'

மறுநாள் கிளெம்மின் சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தலைப்பைப் படித்துக்காட்டி பெரில் சிரித்தார். சிரித்ததிலேயே மூச்சு வாங்கியது. அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. அடுத்த மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை. எழுபத்தேழு வயதில் அது எப்படிப் போகும் என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை.

"வாசல்ல ஒரு கருங்கல் வெக்கப் போறாங்களாம் கிளெம். பேரெல்லாம் செதுக்கி. பதினோராந் தேதி தொறப்பு விழா," என்றார் பெரில். "நாலு பேரு."

கிளெம் எழுந்து போய் அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தார். நான்கு பேர் ஏன் என்பது உலகத்தில் உயிரோடு இருப்பவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் ஜனீன் பொறுமையாகக் கேட்டு ஒரு படிவம் நீட்டினாள். வரலாற்றைத் திருத்த விரும்புவோர் நிரப்ப வேண்டியது. முதல் கேள்வி, திருத்தப்பட வேண்டிய பிழை எது என்பது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அறக்கட்டளையின் வரலாற்றில் பிழை இல்லை என்பதை விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. கிளெம் இரண்டையும் நிரப்பினார்.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் டாக்டர் ஆல்டஸ் பெம்பரி அவரை அழைத்தார். பெம்பரி நல்ல மனிதர். கதவு வரை வந்து கைகுலுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். அவர் மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பையில் அந்த நான்கு பேர் படம். அவர் கழுத்துப்பட்டையிலும் அதே நான்கு பேர், மிகச் சிறியதாக, வரிசை வரிசையாக.

"பெரில்தான் வாசிச்சாங்க. நான் அங்கேயே இருந்தேன். ஆறடி தள்ளி," என்றார் கிளெம்.

"அதுதான் சிக்கலே, மிஸ்டர் ஆட்டர்ஷா," என்றார் பெம்பரி வருத்தத்தோடு. "நீங்க அங்க இருந்தீங்க. இருந்தவங்கல்லாம் ஞாபகத்துலேர்ந்து பேசறாங்க. நாங்க ஆவணத்துலேர்ந்து பேசறோம். உங்க ஞாபகத்துக்கு நாளைக்கே ஏதாவது ஆகலாம், மன்னிக்கணும். ஆவணம் என் பீரோவுல இருக்கு."

"எந்த ஆவணம்?"

"படம். நாலு பேர். ஸ்கூல் பாடத்துல நாலு. டீஷர்ட்ல நாலு. எங்க கழிப்பறைக் கதவுல கூட நாலு. அஞ்சாவதா ஒருத்தரைச் சேர்த்தா, இதுவரைக்கும் இந்த ஊரே தப்பாச் சொல்லிட்டு இருந்த மாதிரி ஆயிடும் இல்லையா? ஒரு ஊரோட மன அமைதிக்கும் நாங்கதானே பொறுப்பு."

அந்த நாற்பது விநாடிச் சத்தம் பின்னே எங்கிருந்து வந்தது என்று கிளெம் கேட்டார். அது கிட்டார் என்றார் பெம்பரி. தாக்லி மூச்சு முறை என்று அதற்குப் பெயர். மூன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. கிட்டார் வாசித்த ரே தாக்லி இப்போது போர்ச்சுகலில் இருக்கிறார். அவரிடமே கேட்டுவிடலாமே என்று கிளெம் சொன்னதும், ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று பெம்பரி ஒரு கடிதத்தை எடுத்தார். ரே எழுதியிருந்தது ஒரே வரி: 'எனக்கு 1973 அவ்வளவாக ஞாபகமில்லை, நான் வாசித்ததாக நீங்கள் சொன்னால் நான் வாசித்திருப்பேன்.' அதன் அடியில் அறக்கட்டளையின் முத்திரை: சரிபார்க்கப்பட்டது.

இருந்தாலும் வழி அடைபடவில்லை என்று பெம்பரி தைரியம் சொன்னார். இசைக்குழு உறுப்பினர்கள் நான்கு பேரும் சம்மதித்தால் விசாரணை வைக்கலாம். அவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்களே என்றார் கிளெம். அதற்கும் படிவம் இருந்தது. மறைந்த கலைஞரின் முகவரிக்கு அது அனுப்பப்படும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அவருக்கு ஆட்சேபம் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படும்.

கிளெம் அந்தப் படிவங்களைக் கையோடு வாங்கிக்கொண்டு காரில் அலைந்தார். பாடகரின் மனைவி உடனே கையெழுத்துப் போட்டார். "பெரில் இல்லாமலா? ஸ்டுடியோவுக்கு நான் சுட்டு எடுத்துட்டுப் போன பிஸ்கட் பூரா தின்னவ அவதானே," என்று ஓரத்தில் எழுதியும் கொடுத்தார். அறக்கட்டளை அதைப் பிஸ்கட் குறித்த சாட்சியமாகப் பதிவு செய்து உணவுப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது. பாஸ் கிட்டார் வாசித்தவரின் தம்பி, தன் அண்ணன் உயிரோடிருந்தபோதே எந்தக் கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அதை அறக்கட்டளை மறுப்பாகவும் எடுக்கவில்லை, சம்மதமாகவும் எடுக்கவில்லை. குணச்சித்திரம் என்று எடுத்துக்கொண்டது.

இடையில், தட்டைக் கேட்டுப் பார்த்து முடிவு சொல்லும் கேட்புக் குழு கூடியது. மூன்று பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த நாற்பது விநாடியை அறுபது தடவை கேட்டார்கள். கிளெம் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். முடிவை ஜனீன் தாழ்ந்த குரலில் வாசித்தாள்: 'ஒலி முற்றிலும் ஆர்கன் போலவே இருக்கிறது. உண்மையான ஆர்கன் இவ்வளவு ஆர்கன் போல ஒலிக்காது என்பது குழுவின் ஒருமித்த கருத்து.' வாசித்து முடித்து, தாளை மடித்துக்கொண்டே, "எங்கம்மாவுக்கு உங்க பாட்டுன்னா உயிரு சார்," என்றாள், யாருக்கும் கேட்காதபடி.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கல் வந்து இறங்கிவிட்டது. செதுக்குகிற ஆள் வாசலில் கூடாரம் போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டான். கிளெம் தினமும் அந்தப் பக்கம் நடந்துபோய் எத்தனை எழுத்து முடிந்திருக்கிறது என்று பார்த்தார். அவருடைய பெயர்தான் அகர வரிசையில் முதலில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, இரவு சாப்பாடு இறங்காமல் போயிற்று.

நான்கு சம்மதமும் சேரவில்லை, மறுப்பும் ஒன்றும் வரவில்லை என்ற காரணத்தால், ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தது. பொது விசாரணை, அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில். பெரிலுக்கும் அழைப்பு போயிருந்தது, 'ஆர்வமுள்ள பார்வையாளர்' என்ற தகுதியில். சபைக்குப் போட்டுப் போகும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் கிளெம்மின் காரில் ஏறினார். போகும் வழியில் இரண்டு முறை மூச்சு வாங்கியது. திரும்பிப் போயிடலாமா என்று கிளெம் கேட்டார். உண்மையில் அவர் அதையே வேண்டிக்கொண்டிருந்தார். பெரில் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஆர்கனும் டிரம்ஸும் கயிற்றுக்குள் நிற்க, அவற்றுக்கு முன்னால் மேஜை போட்டு பெம்பரி நடுவிலும் குழுவினர் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றருகே ஒரு காவலர். பெம்பரி எழுந்து, உண்மையைக் கண்டுபிடிப்பது அறக்கட்டளையின் நோக்கம் என்றும், அது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் இன்றைய கூட்டம் சுருக்கமாக இருக்கும் என்றும் அறிவித்தார். பிறகு பெரிலைப் பார்த்து, கனிவாக, ஒரே ஒரு கேள்வி என்றார்.

"நீங்க குழுவுல இருந்தீங்கன்னா, அன்னிக்கு எடுத்த படத்துல ஏம்மா இல்லை?"

கிளெம் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரில் எழுந்து நின்றார். "அது என் தப்புதான் சார். படம் புதன்கிழமை. நான் வியாழன்னு நெனச்சிட்டேன். வியாழக்கிழமை காலையில தலையெல்லாம் வாரிக்கிட்டுப் போய் ஆலை வாசல்ல நின்னேன், ஒருத்தரும் இல்லை. எப்பவும் நான் இப்படித்தான், நாளு கெழமை மறந்துருவேன்."

ஐம்பது வருஷமாக அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் சிலர் இரக்கத்தோடு சிரித்தார்கள். பெம்பரியும் புன்னகைத்தார். "கிழமையையே மாத்தி நினைக்கிறவங்க, வாத்தியத்தையும் மாத்தி நினைச்சிருக்கலாம் இல்லையா?" என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டு, கோப்புகளை மூடப்போனார். பெரில் மெல்ல உட்கார்ந்தார். ஆமாம், அப்படியும் இருக்கலாமோ என்று யோசிப்பவர் போல இருந்தது அவர் முகம்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கிளெம்மால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவ மறக்கலை," என்றார், நாற்காலியைப் பிடித்து எழுந்தபடி. "நான்தான் வியாழன்னு சொன்னேன்."

பேனாக்கள் நின்றன. கிளெம் பெரிலைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே சொன்னார். அப்போதிருந்த மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உறையில் ஒரு பெண் இருந்தால் தட்டு விற்காது, பெரிலிடம் கிழமையை மாற்றிச் சொல்லிவிடு என்றார். மற்ற மூவருக்கும் இது தெரியாது. அவள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், தெரியாது என்றார் கிளெம். உறையில் முகம் இருப்பவர்கள் பெயரைத்தான் போடுவோம் என்று பிறகு தட்டுக் கம்பெனியில் சொன்னார்கள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

"எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு," என்றார் கிளெம். "அது ஒரு சாக்கு இல்லைதான்."

அறக்கட்டளையின் மேஜையில் பரபரப்பு. குழுவினர் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து பெம்பரி எழுந்தபோது அவர் கண்கள் பளபளத்தன. கிளெம் சொன்னது முழுவதையும் அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது என்றார். பெரில் நிமிர்ந்து பார்த்தார்.

"இது மகத்தான கண்டுபிடிப்பு. இந்தப் பொய்க்குத் தனி அறையே ஒதுக்கப் போறோம். 'மாற்றிய கிழமை'ன்னு பேரு. மிஸ்டர் ஆட்டர்ஷாவோட குரலைப் பதிவு பண்ணி ஓடவிடுவோம். அந்த வியாழக்கிழமை வெறும் வாசலை ஒரு ஓவியமா வரையச் சொல்லுவோம்."

"அவங்க பேரு?" என்றார் கிளெம். "கல்லுல?"

பெம்பரி அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது எப்படிங்க முடியும்? அவங்க இல்லாததுதானே இப்ப முக்கியம். பேரைப் போட்டா அவங்க இருக்கிற மாதிரி ஆயிடும். அந்த அறைக்கே அர்த்தம் போயிடும். அம்மா, நீங்க இல்லாம இருக்கிறதைக் கடைசி வரைக்கும் பாதுகாப்போம். அதுக்கு நான் உறுதி."

குழுவினர் கைதட்டினார்கள்.

பெரில் எழுந்தார். கிளெம்மின் பக்கம் திரும்பவே இல்லை. கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே மேஜையைச் சுற்றி நடந்து, கயிற்றைக் குனிந்து கடந்து, ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்தார். உடனே கூரையிலிருந்து ஒரு இனிமையான குரல், தயவுசெய்து கயிற்றுக்குப் பின்னால் நிற்கவும் என்றது. காவலர் பெம்பரியைப் பார்த்தார். பெம்பரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

அது பழைய ஹாம்மண்ட் ஆர்கன். பொத்தானைத் தட்டியதும் பாடுகிற ரகம் கிடையாது. பெரில் பார்க்காமலே ஒரு விசையை அழுத்திப் பிடித்து, உள்ளே சக்கரம் சுழன்று வேகம் பிடிக்கும் வரை எட்டு எண்ணினார். பிறகு இன்னொரு விசையையும் சேர்த்து நான்கு எண்ணினார். மாதம் ஒருமுறை கையுறை போட்ட ஒருவர் வந்து ஒரே ஒரு சுரத்தைத் தட்டிப் பார்ப்பதால் அது இன்னும் உயிரோடிருந்தது.

தரைக்குக் கீழிருந்து அந்தச் சத்தம் எழுந்து வந்தது.

மூட்டு வீங்கிய விரல்கள். இரண்டு இடத்தில் சறுக்கின. மூன்றாவது நீண்ட சுரத்தில் அவர் முகம் வெளிறி, ஒரு கை மார்புக்குப் போய்த் திரும்பியது. கிளெம் ஓடினார். தூக்கிவிடத்தான் ஓடினார். பெரில் நிமிராமல் பேசினார்.

"போய் டிரம்ஸ்ல உக்காரு. நிதானமா உள்ள வா. அன்னிக்கு நீ அவசரப்பட்டே."

கிளெம் உட்கார்ந்தார். நாற்பதாவது விநாடியில் உள்ளே வந்தார். தயவுசெய்து கயிற்றுக்குப் பின்னால் நிற்கவும் என்று கூரை கெஞ்சிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. கேட்புக் குழுவின் மூன்று பேர் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள், ஆதாரம் கலந்துவிடக் கூடாது என்று. ஜனீன் மட்டும் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு அழுதாள்.

முடிந்ததும் பெரில் விசைகளை அணைத்தார். பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற கிளெம்மின் காரைக் கடந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பதினோராம் தேதி திறப்பு விழா நடந்தது. நான்கு பெயர் போதுமா என்ற கேள்வி எழுந்துவிட்டதால், வந்திருந்த பிரமுகருக்குக் கல்லின் மேலிருந்த திரையைத் திறக்க வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் திரையைப் பாராட்டிப் பேசிவிட்டுப் போனார்.

பதினான்காம் தேதி கிளெம் ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்து நின்றார். உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு பெரிலின் மருமகள் வெளியே வந்து, சரியாகிவிட்டது, பிழைத்துக்கொண்டார்கள் என்றாள். உங்களை இப்போது பார்க்க விரும்பவில்லையாம் என்பதையும் சொன்னாள். கிளெம் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து தொலைபேசி வந்தது. "கடுதாசி வந்துச்சா உனக்கு? எடுத்துட்டு வா," என்றார் பெரில். அவ்வளவுதான்.

அறக்கட்டளையின் கடிதம் இருவருக்கும் வந்திருந்தது. அது எப்படி அப்படி எழுதப்பட்டது என்பதை ஜனீன் பிற்பாடு சொன்னாள். காட்சிப் பொருளை அந்நியர் யாராவது தொட்டுவிட்டால், விதிப்படி தலைவர் பதவி விலக வேண்டும். அதை வாசித்த கலைஞரே தொட்டால் அது 'கலைஞரின் தலையீடு'. தலைவர் மேல் குற்றமில்லை. பெம்பரி ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் குழுக்களைக் கூட்டினார். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பெரில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, படிக்கச் சொன்னார். கிளெம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். 'அயர்ன் சண்டே குழுவின் ஆர்கன் கலைஞரும், ஏழாம் உலை தட்டில் அவ்வாத்தியத்தை வாசித்தவருமான திருமதி பெரில் ஹாதர்ஸேஜ், இந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைய ஆயுள் முழுவதும் தடை விதிக்கப்படுகிறது.'

"திருப்பிப் படி," என்றார் பெரில். கிளெம் திருப்பிப் படித்தார்.

பெரில் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது கிளெம்முக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பெரில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். இப்ப வேணாம். அந்தப் புதன்கிழமையைச் சொல்லு. என்ன நடந்துச்சு? வெயிலா, மழையா?"

கிளெம் யோசித்தார். தூறல் என்றார். படம் எடுப்பவன் தாமதமாக வந்தான். அரை மணி நேரம் வாசலில் நின்றோம். ரே புதுக் கோட்டு நனைகிறதென்று திட்டிக்கொண்டே இருந்தான். ஷிஃப்ட் முடிந்து வந்த ஆட்கள் எங்களைப் பார்த்துச் சீட்டியடித்தார்கள்.

"நீ எங்க நின்னே?"

"இடது பக்கம், ஓரத்துல."

"நான் வந்திருந்தா எங்க நிக்கவெச்சிருப்பாங்க?"

கிளெம் கண்ணை மூடி அந்த வாசலை நினைத்துப் பார்த்தார். ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி," என்றார். "உன்னைப் பின்னாடி நிறுத்தினா தெரியவே மாட்டே. நீதான் குள்ளமாச்சே."

பெரிலின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"சிரிக்கவெக்காதடா. தையல் பிரிஞ்சுரும். உக்காந்து சொல்லு."